கணக்குக் கேட்ட மன்றங்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்பவர்களுக்கு மரக்காணம் என்பது பேருந்துச் சன்னலுக்கு வெளியே சில நிமிடங்கள் நகரும் வெள்ளைக் குவியல்கள்தாம். அங்கே இறங்கி நிற்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கும் நெடுநாள் தோன்றியதில்லை. ஒரு கோடைக் காலையில், அலம்பரைக் கோட்டையின் சிதைவுகளைப் பார்த்துவிட்டுத் தெற்கே வந்த நாங்கள், உப்பளத்தின் வரப்பில் நின்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பாத்திகளில் நீர் வற்றிக்கொண்டிருந்தது. நீண்ட கழியில் கட்டிய பலகையால் ஒருவர் உப்பை வாரிக் கரையில் சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சோ, எதிர்பாராத விதமாக, அமெரிக்கச் செனட் சபையைப் பற்றியதாக இருந்தது.

காரணம் இதுதான். 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் டொனால்ட் டிரம்ப் மீது இரண்டாம் முறையாக நடந்த செனட் விசாரணையின்போது, குற்றம் சாட்டிய தரப்பினர் அளித்த எழுத்துவாதத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸின் பெயர் வருகிறது. பதவியை விட்டுச் சென்ற ஒருவரை விசாரிக்க முடியுமா என்ற கேள்விக்கு, இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் இந்தியத் தலைமை ஆளுநரின் வழக்கு முன்மாதிரியாக வைக்கப்பட்டது. அந்த ஹேஸ்டிங்ஸ் 1769 முதல் 1772 வரை சென்னைக் கோட்டையில் பணியாற்றியவர். இந்தக் கடற்கரையை அறிந்தவர். எங்கள் நண்பர் ஒருவர் அன்று அதைச் சொன்னபோது, வாஷிங்டனுக்கும் சோழமண்டலக் கரைக்கும் இடையே ஓடும் இழையைப் பின்தொடர்ந்தால் என்ன என்று தோன்றியது. இக்கட்டுரை அந்த முயற்சியே.

முதலில் சொல்லைப் பற்றிச் சற்று. 'இம்பீச்மென்ட்' என்பதற்குத் தமிழ்நாட்டு நாளிதழ்கள் பெரும்பாலும் 'பதவி நீக்கத் தீர்மானம்' என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழ் இதழ்கள் 'குற்றப்பிரேரணை' என்கின்றன. ஒரு சொல் முடிவைக் குறிக்கிறது. மற்றொன்று தொடக்கத்தைக் குறிக்கிறது. குற்றம் சாட்டுவது வேறு, பதவியிலிருந்து நீக்குவது வேறு. அமெரிக்காவில் மூன்று குடியரசுத் தலைவர்கள் மீது, மொத்தம் நான்கு முறை, பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியிருக்கிறது. செனட் ஒருவரைக்கூட நீக்கியதில்லை. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் இந்த நடைமுறையின் அரசியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

* * *

நம் கரையிலிருந்தே தொடங்குவோம். மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கத்தை ஒட்டியிருக்கும் அலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு அளிக்கப்பட்டது. பத்தாண்டுகளில் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தனர். அந்த வீழ்ச்சிக் காலத்தில் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கியவர் லாலி பிரபு. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அவர் தோற்றார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. அதே மாதத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் மறைந்தார். நகரின் வீழ்ச்சியை எழுதியிருக்கக்கூடிய கை அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே ஓய்ந்துபோயிற்று.

போர்க் கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட லாலி, தம்மீது எழுந்த பழிக்குப் பதில் சொல்வதற்காகத் தாமாகவே பிரான்ஸுக்குத் திரும்பினார். அவரைப் பாஸ்டீல் சிறையில் அடைத்தார்கள். பாரிஸ் நீதிமன்றம் விசாரித்தது. மன்னரின் நலன்களைக் காட்டிக்கொடுத்தார் என்று தீர்ப்பாயிற்று. 1766 மே 9 அன்று, வாயில் துணி அடைக்கப்பட்ட நிலையில், அவர் தலை வெட்டப்பட்டது. வோல்டேர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து எழுதினார். 1778இல் அது செல்லாததாக்கப்பட்டது. வோல்டேர் தம் இறுதி நாட்களில் அச்செய்தியைக் கேட்டார்.

ஒரு பேரரசு தோற்றபோது அதற்கு ஒரு தலை தேவைப்பட்டது. லாலியின் குற்றம் என்ன என்பதைக் காட்டிலும், யார் மீதாவது குற்றம் இருந்தாக வேண்டும் என்பதே அங்கே முதன்மையாக நின்றது. அரசியல் தோல்விக்கு நீதிமன்ற உடை அணிவித்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தக் கரை அளித்த முதல் பாடம் அது.

இரண்டாம் பாடம் வென்றவர்களிடமிருந்து வந்தது.

* * *

1785 பிப்ரவரி 28 அன்று லண்டன் மக்களவையில் எட்மண்ட் பர்க் ஒரு நீண்ட உரை ஆற்றினார். பொருள், ஆற்காட்டு நவாபின் கடன்கள். நவாப் முகமது அலி வாலாஜா, கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாக மாவட்டங்களின் வரி வருவாயை எழுதிக்கொடுத்தார். கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. அரசாங்கம் இந்தக் கடன்களை ஆராயாமலே ஏற்றுக்கொண்டு கர்நாடகத்தின் வருவாயிலிருந்து தீர்க்க முன்வந்தது. கடன்காரர்களின் பணத்தால் கிடைத்த இடங்கள் அந்த அவையிலேயே இருக்கின்றன என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழான கர்நாடகத்தின் காட்சியை அவர் அந்த உரையில் விரித்துரைத்தார். மரக்காணத்துக்கு மேற்கேயுள்ள பெருமுக்கல் குன்று 1782இல் அந்தப் போரில்தான் கைமாறியது. அன்று லண்டனில் விவரிக்கப்பட்ட அழிவு, நாங்கள் நின்ற வரப்பிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவுக்குச் சற்று அப்பால் நிகழ்ந்தது.

தீர்மானம் தோற்றது. வாக்கெண்ணிக்கையை வைத்திருந்தவர்கள் விவாதத்துக்குப் பதில் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

இந்தத் தோல்விக்குப் பிறகுதான் பர்க் ஹேஸ்டிங்ஸின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். ஹேஸ்டிங்ஸ் 1785இல் பதவி விலகி இங்கிலாந்து திரும்பியிருந்தார். காசி அரசர் சேத்சிங்கிடம் பணம் பறித்தது, அயோத்தி பேகம்களின் செல்வத்தைக் கைப்பற்றியது, கையூட்டு, முறைகேடான ஒப்பந்தங்கள் எனக் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. 1787 மே மாதம் மக்களவை அவர் மீது குற்றம் சாட்டியது. 1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பிரபுக்கள் சபை விசாரணையைத் தொடங்கியது. அரசி வந்திருந்தார். எழுத்தாளர்களும் சீமாட்டிகளும் நுழைவுச்சீட்டுக்கு அலைந்தார்கள். பர்க்கின் தொடக்க உரை மட்டும் நான்கு நாட்கள் நீண்டது.

பிறகு கூட்டம் கலைந்தது. விசாரணை ஏழு ஆண்டுகள் இழுத்தது. இடையில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. குற்றம் சாட்டிய நண்பர்களான பர்க்கும் ஃபாக்ஸும் அதன் பொருட்டுப் பிரிந்தனர். 1795 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பு வந்தபோது, வாக்களித்த பிரபுக்கள் 29 பேர் மட்டுமே. விசாரணையைத் தொடர்ந்து கேட்டிராதவர்கள் தீர்ப்புச் சொல்ல முன்வரவில்லை. ஹேஸ்டிங்ஸ் விடுவிக்கப்பட்டார். வழக்குச் செலவு அவரை ஏறத்தாழ ஓட்டாண்டியாக்கியிருந்தது. கம்பெனி ஆண்டுக்கு 4,000 பவுண்டு உதவித்தொகை அளித்துக் காப்பாற்றியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வங்காளம் பேசப்பட்டது, காசி பேசப்பட்டது, அயோத்தி பேசப்பட்டது. ஆற்காட்டுக் கடன் குற்றப்பட்டியலில் இல்லை. அதில் கைநனைத்தவர்கள் அவையின் உள்ளேயே இருந்தார்கள். ஒரு மனிதரை நிறுத்திக் கேள்வி கேட்பது எளிது. தன்னையே நிறுத்திக் கேள்வி கேட்க எந்த அவையும் முன்வருவதில்லை.

* * *

ஹேஸ்டிங்ஸ் மீது மக்களவை குற்றம் சாட்டிய அதே 1787ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் பிலடெல்பியாவில் அமெரிக்க அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. குடியரசுத் தலைவரைத் தேசத்துரோகத்துக்கும் கையூட்டுக்கும் மட்டுமே நீக்கலாம் என்று வரைவு இருந்தது. செப்டம்பர் 8 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் எழுந்து, இந்த வரையறை போதாது, ஹேஸ்டிங்ஸின் குற்றம் தேசத்துரோகம் அல்லவே என்று நினைவூட்டினார். 'சீர்கெட்ட நிர்வாகம்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். மேடிசன் மறுத்தார். அவ்வளவு தெளிவற்ற சொல்லைச் சேர்த்தால், தலைவர் செனட்டின் விருப்பம் உள்ளவரையே பதவியில் இருக்க முடியும் என்பது அவர் வாதம். மேசன் அதை விடுத்து, 'பெருங்குற்றங்களும் தீயொழுக்கங்களும்' என்ற பொருள்படும் பழைய ஆங்கிலச் சட்டத் தொடரைச் சேர்த்தார். அதுவே நிலைத்தது. இந்தியாவில் நடந்த கொள்ளை, இவ்வாறு அமெரிக்க அரசமைப்பின் ஒரு சொற்றொடருக்குள் குடிபுகுந்தது.

மேடிசனின் அச்சமும் மேசனின் அச்சமும் ஒரே அளவு நியாயமானவை என்பதை அடுத்த இரு நூற்றாண்டுகள் காட்டின. 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் மீதான விசாரணையில் 35 பேர் குற்றவாளி என்றனர், 19 பேர் இல்லை என்றனர். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு குறைந்தது. அவரது கொள்கையை வெறுத்த கட்சியிலிருந்தே ஏழு பேர் அவரை விடுவிக்க வாக்களித்தார்கள். 1974இல் நிக்சன் மீதான நடவடிக்கை வாக்கெடுப்புக்கு வருமுன் அவரே விலகினார். தம் கட்சியினரும் தமக்கு வாக்களிக்கப் போவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1999 பிப்ரவரியில் கிளின்டன் தப்பினார். 2020இல் டிரம்ப் விடுவிக்கப்பட்டார். 2021இல் பதவி முடிந்தபின் நடந்த விசாரணையில், அவரது கட்சியினர் ஏழு பேர் உட்பட 57 பேர் குற்றவாளி என்றனர்; 43 பேர் மறுத்தனர். தேவைப்பட்டவை 67. அந்தத் தேர்தல் முடிவுச் சான்றளிப்பின்போது கும்பல் புகுந்த அதே மண்டபத்தில்தான் அந்த வாக்கெடுப்பு நடந்தது. நீதிபதிகளாக அமர்ந்தவர்களே அந்நாளின் சாட்சிகள், அவர்களே பாதிக்கப்பட்டவர்கள், அவர்களே அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிகளின் வேட்பாளர்கள். வேறு எந்த நீதிமன்றத்திலாவது இப்படி ஒரு நடுவர் குழுவை நாம் ஒப்புக்கொள்வோமா?

* * *

நம் அரசமைப்பை எழுதியவர்கள் இந்த வரலாற்றைப் படித்தவர்கள். குடியரசுத் தலைவரை நீக்குவதற்கான 61ஆம் பிரிவு மிகக் கடினமானது. ஓர் அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட வேண்டும். 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த அவையின் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்க வேண்டும். மற்ற அவை விசாரித்து அதே அளவு பெரும்பான்மையில் ஏற்க வேண்டும். இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இது பயன்படுத்தப்பட்டதில்லை. உண்மையான சோதனை நீதிபதிகள் விஷயத்தில் வந்தது. முதலில் அதற்கு ஆளானவர் தமிழகத்திலிருந்து சென்றவர்.

நீதிபதி வி. ராமசாமி சென்னை உயர்நீதிமன்றத்தில் பணியாற்றி, 1987இல் பஞ்சாப் - அரியானா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகி, 1989இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர். சண்டிகரில் இருந்த காலத்தில் அதிகாரபூர்வ இல்லத்துக்காகவும் அலுவலகத்துக்காகவும் பொதுப்பணம் செலவழிக்கப்பட்ட விதம் குறித்துக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1991 பிப்ரவரியில் மக்களவை உறுப்பினர்கள் 108 பேர் தீர்மானம் கொடுத்தனர். அவைத்தலைவர் ரவி ராய் அதை ஏற்று, நீதிபதி பி.பி. சாவந்த், தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வு பெற்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஆகிய மூவர் குழுவை அமைத்தார். மறுநாளே மக்களவை கலைந்தது. தீர்மானமும் காலாவதியாயிற்றா என்ற வழக்கில், ஆகவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டன என்று அறிக்கை தந்தது.

1993 மே 10, 11 ஆகிய நாட்களில் மக்களவை நீதிமன்றமாயிற்று. சோம்நாத் சாட்டர்ஜி தீர்மானத்தை முன்மொழிந்தார். நீதிபதியின் தரப்பில் கபில் சிபல் அவையின் எல்லைக் கம்பியருகே நின்று பல மணி நேரம் வாதாடினார். செலவுகளுக்குப் பொறுப்பு அலுவலர்களுடையதே, நீதிபதியுடையது அன்று என்பது அவரது வாதத்தின் சாரம். நல்ல வாதங்கள் இரு தரப்பிலும் இருந்தன. படிக்கத் தகுந்த விவாதம் அது.

வாக்கெடுப்பில் ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆளும் காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் அவையில் அமர்ந்தபடியே வாக்களிக்காமல் இருந்துவிட்டனர்.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். நீதிபதி குற்றமற்றவர் என்று பதிவு செய்ய ஒருவரும் முன்வரவில்லை. ஆனால், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கோடு, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே மௌனமே எதிர்வாக்காயிற்று. எதிர்வாக்குக்குரிய பொறுப்பு மட்டும் அதில் இல்லை. 1795இல் பிரபுக்களும் வாக்களிக்காமல் இருந்தார்கள். கேட்காத வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற கூச்சம் அது. 1993இல் 205 பேரும் வழக்கை முழுவதும் கேட்டார்கள். கேட்டபின் மௌனமானார்கள். இரண்டு மௌனங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது.

அவர் 1994இல் ஓய்வு பெற்றார். 1999 மக்களவைத் தேர்தலில் சிவகாசித் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளராக நின்று வைகோவிடம் தோற்றார். அவை எண்ணத் தயங்கிய வாக்குகளை மக்கள் எண்ணினார்கள் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்தல் வேறு கணக்குகளுக்காக நடந்தது. அதை இதற்கான தீர்ப்பாகக் கொள்வது முறையாகாது.

பாக் நீரிணைக்கு அப்பால் நிலை இன்னும் கடுமை. 1991இல் இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசவுக்கு எதிராக, அவரது கட்சியின் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகியோர் எதிர்க்கட்சியுடன் சேர்ந்து குற்றப்பிரேரணை கொண்டுவந்தனர். செல்லத்தக்க கையொப்பங்கள் போதவில்லை என்று சபாநாயகர் அதைத் தள்ளினார். 2013 ஜனவரியில் தலைமை நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க மீதான பிரேரணை 155க்கு 49 என்ற கணக்கில் நிறைவேறியது. அவரை விசாரித்த குழுவின் முடிவு செல்லாது என்று சில நாட்களுக்கு முன்புதான் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியிருந்தது. இரண்டாண்டு கழித்து ஆட்சி மாறியதும் அவர் மீண்டும் அமர்த்தப்பட்டு, மறுநாளே ஓய்வு பெற்றார். எண்ணிக்கை இல்லாதபோது குற்றம் விசாரணைக்கே வரவில்லை. எண்ணிக்கை இருந்தபோது நீதிமன்றத்தின் சொல்லும் தடையாக நிற்கவில்லை.

* * *

அப்படியானால் இந்த விசாரணைகளால் பயனே இல்லையா? எங்களுக்குள் இதுகுறித்து ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. பயன் உண்டு என்பவர்கள் சுட்டுவது இதை: ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார், ஆயினும் தூரதேசத்து அதிகாரி எவரும் தம் செயலுக்கு ஒருநாள் பொதுமன்றத்தில் பதில் சொல்ல நேரலாம் என்ற நினைப்பு அந்த ஏழாண்டுகளால் நிலைபெற்றது. மூவர் குழுவின் அறிக்கையும் 196 என்ற எண்ணும் பதிவேட்டில் இருக்கின்றன. தோற்ற தீர்மானமும் ஓர் ஆவணமே.

இதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உப்பளக் கரையிலிருந்து பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது.

ஆற்காட்டுக் கடன் விசாரிக்கப்படாமல் போனதன் தொடர்ச்சியை இங்கே காண்கிறோம். கடனில் மூழ்கிய நவாபின் வழியினரிடமிருந்து 1801இல் கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது. தென்னார்க்காட்டுடன் மரக்காணமும் அதன் கைக்கு வந்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகமாயிற்று. விளைவித்தவர் குறித்த விலைக்குக் கம்பெனிக்கே விற்க வேண்டும். கம்பெனி கூடுதல் விலைக்கு மக்களுக்கு விற்கும். அதே 1805இல்தான், நவாபின் எஞ்சிய கடன்களை ஆராய ஓர் ஆணையமும் அமைந்தது. கால் நூற்றாண்டு ஆராய்ந்த அந்த ஆணையம், ஏறத்தாழ 3 கோடி பவுண்டுக்குக் கோரப்பட்ட கடன்களில் பத்தில் ஒரு பங்கைக்கூட உண்மையென ஏற்கவில்லை. பர்க் சொன்னது சரி என்பது, அவர் இறந்து நெடுநாள் கழித்து, கணக்குப் பிள்ளைகளின் கையால் மெய்ப்பிக்கப்பட்டது. அதற்குள் நிலமும் உப்பும் கைமாறிவிட்டன. உப்பு வரி 1947இல்தான் நீங்கியது.

விசாரணை மன்றம் மனிதரைப் பார்க்கிறது, ஏற்பாட்டைப் பார்ப்பதில்லை. நாடகத்துக்கு ஒரு முகம் வேண்டும். உப்பு ஏகபோகத்துக்கு முகம் இல்லை. அதனால்தான் லாலிக்குத் தலை போயிற்று, ஹேஸ்டிங்ஸுக்குச் செல்வம் போயிற்று, உப்பளத்தில் பணி செய்தவருக்கு எந்த மன்றத்திலும் சாட்சிக்கூண்டுகூடக் கிடைக்கவில்லை.

மரக்காணத்துக்கு வடக்கே, பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ 921இல் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டை நம் வாசகர்கள் அறிவார்கள். அதில் ஒரு விதியை மட்டும் இங்கே நினைவுகூர்கிறோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயர்களும் குடத்தில் இடப்படக் கூடாது. வாதம் இல்லை, பெரும்பான்மை இல்லை, நீண்ட உரை இல்லை. கணக்கு வரவில்லையென்றால் பெயர் இல்லை, அவ்வளவுதான். நிலமுள்ள, வேதம் கற்ற ஆடவர்கள் மட்டுமே பங்குகொண்ட சபை அது. அதை இன்றைய மக்களாட்சியின் முன்னோடி என்று கொண்டாடுவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. அந்தச் சபையின் குடத்திலும் உப்பு விளைவித்தவரின் பெயர் விழுந்திருக்க வழியில்லை. எனினும் அந்த ஒரு விதியின் எளிமை யோசிக்க வைக்கிறது. குற்றம் பெருத்தபின் மன்றம் கூட்டுவதைவிட, ஆண்டுதோறும் கணக்கைக் கேட்பது சிறிய வேலை. சிறிய வேலை என்பதாலேயே அதை எவரும் கவனிப்பதில்லை. அதற்கு நுழைவுச்சீட்டு வாங்க எந்தச் சீமாட்டியும் வருவதில்லை.

நாங்கள் புறப்படும்போது வெயில் ஏறியிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர் கரையில் அமர்ந்து, அன்று சேர்ந்த குவியல்களை விரல்விட்டு எண்ணி, ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். மாலையில் குத்தகைக்காரர் வந்து கேட்பார், எழுதி வைக்காவிட்டால் கூலியில் பிடித்துவிடுவார்கள் என்றார்.